இரண்டு பட்டியலில் ஒரு வண்டி

துவைத்த துணியை உதறிக் கொடியில் போடுவது அந்த வீட்டில் கணவரின் வேலை. கல்யாணமான மூன்றாம் மாதம், மனைவி காயப்போட்ட சட்டையின் இரண்டு தோளிலும் கிளிப்பின் தடம் கொம்பு மாதிரி முளைத்திருந்ததைப் பார்த்து, “இதை நீ தொடாதே தாயே” என்று வாங்கிக்கொண்டவர், இருபத்தாறு வருடமாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் நேராக மாட்டினால்தான் அவருக்கு நிம்மதி. பக்கத்தில் நின்று கிளிப் எடுத்துக் கொடுப்பது மட்டும் அவள் பங்கு.

அந்தச் சனிக்கிழமை காலை அவள் நிற்கவில்லை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் படியில் உட்கார்ந்து, கிளிப் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, அலுவலகத்தில் அச்செடுத்து வந்த தாள்களில் வரி வரியாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“கிளிப்பு.”

கொடுத்தாள்.

“ஒண்ணு கேட்டா நாலு குடுக்கற. என்னம்மா ஆச்சு உனக்கு?”

“ஒண்ணுமில்லைங்க.”

“ஒண்ணுமில்லைக்கா மூஞ்சி இப்படி இருக்கு? பவர் ஏறிடுச்சுன்னு சொன்னா கடைக்கு வர்றவங்ககூட இவ்வளவு வாடமாட்டாங்க.”

அவள் சிரிக்கவில்லை. விரல் இரண்டு வரிகளின் மேல் நின்றுவிட்டிருந்தது. இரண்டிலும் ஒரே மணி, ஒரே நிமிடம், ஒரே நொடி. இரண்டிலும் வண்டி எண் முப்பத்தொன்று. முகவரிதான் வேறு வேறு.

ஊர் முழுவதற்கும் ஆம்புலன்ஸ் அனுப்பும் நிலையத்தில் அவளுக்கு வேலை. போன் எடுக்கிறவள் இல்லை. மாடியில், திறக்க முடியாத ஜன்னல் வைத்த அறையில் உட்கார்ந்து, எந்த அழைப்புக்கு எந்த வண்டி போவது என்று முடிவு செய்யும் கணினி நிரலை எழுதுகிறவள். சேர்ந்தது கீழே, தட்டச்சு செய்ய. குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மாலை வகுப்பில் நிரல் எழுதப் படித்து, முப்பத்தைந்தாவது வயதில் மாடி ஏறினாள். ஏறிய நாளிலிருந்து அவளிடம் ஒரு பழக்கம். வண்டிகளின் அட்டவணையை நிரல் தொடும் முன் ஒரு பூட்டைப் போட்டுவிடுவாள். நிரலின் ஒரு பகுதி அட்டவணையில் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொரு பகுதி உள்ளே கையை விட்டால் எல்லாம் குழம்பிவிடும் என்பதால், வேண்டிய இடம், வேண்டாத இடம் என்று பார்க்காமல் பூட்டுவாள். கூட இருந்தவர்கள் ‘தாழ்ப்பாள் அக்கா’ என்று பெயர் வைத்தார்கள். புதிதாக வந்த ஒருவர் அதுதான் அவளுடைய நிஜப்பெயர் என்று நினைத்து, ‘மதிப்பிற்குரிய தாழ்ப்பாள் மேடம்’ என்று விடுப்புக் கடிதமே எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தை அவள் இன்னும் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறாள்.

ஊர் பெருத்தது. நாற்பது வண்டி நூற்று நாற்பதானது. ஊரை எட்டுப் பகுதியாகப் பிரித்தார்கள். எட்டு வேலையை ஒரே நேரத்தில் செய்யக்கூடிய பெரிய கணினி ஒன்றும் வந்து இறங்கியது. பகுதிக்கு ஒன்றாக எட்டு நிரல்கள் அதில் ஓடும். இனிமேல் காற்றாய்ப் பறக்கும் என்றார்கள். பறக்கவில்லை. வண்டிகள் எல்லாம் இருந்தது ஒரே அட்டவணையில். அதற்கு இருந்தது அவள் போட்ட ஒரே பூட்டு. ஒரு பகுதியின் நிரல் உள்ளே போய், எந்த வண்டி பக்கம், எது தூரம் என்று கணக்குப் போட்டு முடித்து வெளியே வரும்வரை மற்ற ஏழும் வாசலில் நின்றன. மழை நாளில் அழைப்புகள் குவிந்தால் கீழே போன் எடுக்கிறவர்களின் திரை முக்கால் நிமிடம் அப்படியே உறைந்துபோகும். பழைய கணினியில் ஒரே நிரல் ஓடியபோதுகூட இவ்வளவு தாமதம் இல்லை.

“எட்டு பேருக்கு ஒரே பாத்ரூம்ங்க. அதான் பிரச்சினை” என்று அப்போது கணவரிடம் சொன்னாள்.

“ஆளுக்கு ஒண்ணு கட்டிடு.”

“கட்டிடலாம். துண்டு ஒண்ணுதானே இருக்கு.”

ஒரு வருடம் அதிலேயே கிடந்தாள். கடைசியில் பழைய அட்டவணையை எட்டுப் பட்டியலாக உடைத்தாள். ஒவ்வொரு நிரலும் தன் பட்டியலை மட்டும் பார்க்கும். அதில் வண்டியே இல்லாதபோதுதான் பக்கத்துப் பட்டியலின் கதவைத் தட்டும். ஒரு வண்டி சும்மா இருக்கிறதா என்று பார்ப்பதும், ‘எடுத்தாயிற்று’ என்று குறி வைப்பதும் ஒரே மூச்சில் நடக்கும். இடையில் யாரும் புக முடியாது. அதனால் பூட்டே தேவைப்படவில்லை. அந்தக் குறியையும் பொதுவாக ஓர் இடத்தில் வைத்தால் எட்டு நிரலும் அதையே போய்ப் போய் எட்டிப் பார்த்து மறுபடியும் நெரிசலாகிவிடும் என்று, பட்டியலுக்குப் பட்டியல் தனித்தனியாக வைத்தாள். முக்கால் நிமிடம் அரை நொடியாகச் சுருங்கியது. கீழே போன் எடுக்கிற பெண்கள் மாடிக்கு வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். “தாழ்ப்பாளே பூட்டைக் கழட்டிடுச்சு” என்று மேலாளர் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்தே வந்தாள்.

ஒரே ஓர் இடம்தான் அவளை யோசிக்க வைத்தது. வண்டி ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குள் போகும்போது பட்டியல் மாற வேண்டும். முதலில் பழையதிலிருந்து அடித்துவிட்டுப் பிறகு புதியதில் எழுதினால், கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்கு, அந்த வண்டி எதிலுமே இருக்காது. முதலில் புதியதில் எழுதிவிட்டுப் பிறகு பழையதில் அடித்தால், அதே நேரத்துக்கு இரண்டிலும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மாற்றலாம். பிடித்தால் மறுபடி எல்லாரும் வாசலில் நிற்க வேண்டும். அவள் இரண்டாவதை எடுத்தாள். அதிகம் யோசிக்கவில்லை.

பதினொரு வயதில் குடும்பத்தோடு இரண்டு வேனில் வெளியூர் போனபோது, பெட்ரோல் போடும் இடத்தில் அவளை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சித்தப்பா வண்டியில் இருக்கிறாள் என்று அப்பாவும், அப்பா வண்டியில் இருக்கிறாள் என்று சித்தப்பாவும் நினைத்துக்கொண்டார்கள். டயருக்குக் காற்று பிடிக்கிற இயந்திரத்தின் பக்கத்தில் நாற்பது நிமிடம் நின்றாள். இன்றைக்கும் நாலு பேர் சேர்ந்து எங்கே போனாலும் தலைகளை எண்ணுவாள். எண்ணியது போதாதென்று கணவரையும் எண்ணச் சொல்வாள். எதிலும் இல்லாமல் போவதுதான் அவளுக்குப் பயம். இரண்டிலும் இருப்பதில் என்ன கெடுதல் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பத்து லட்சம் தடவை ஓட்டிப் பார்த்தாள். ஒரு தடவைகூடத் தப்பு வரவில்லை.

ஐந்து வாரத்துக்கு முன்னால், ஊரே மழையில் நனைந்த ஒரு பிற்பகலில், முப்பத்தொன்றாம் வண்டி நாலாம் பகுதியிலிருந்து பாலத்தைத் தாண்டி ஐந்துக்குள் நுழைந்தது. நுழைகிற அந்தக் கணத்தில் நாலின் நிரல் தன் பட்டியலில் இருந்த முப்பத்தொன்றை எடுத்தது. ஐந்தின் நிரலும் தன் பட்டியலில் இருந்த அதே வண்டியை எடுத்தது. இரண்டும் ஒரே மூச்சில்தான் எடுத்தன. அவரவர் குறியை அவரவர் பட்டியலில் ஒழுங்காக வைத்தன. நாலாம் பகுதியில் நெஞ்சுவலி வந்த ஒரு தையல்காரர். ஐந்தாம் பகுதியில் வெந்நீர் கொட்டிக்கொண்ட ஒரு குழந்தை. வண்டியில் இருக்கும் திரையில் கடைசியாக வந்த முகவரிதான் நிற்கும். தையல்காரரின் முகவரி வந்தவுடனே அதன் மேலேயே குழந்தையின் முகவரி ஏறிவிட்டது. வண்டி குழந்தையிடம் போய்ச் சேர்ந்தது.

தையல்காரரின் மனைவி மூன்று முறை போன் செய்தார். “வண்டி கிளம்பிடுச்சும்மா, வந்துட்டே இருக்கு” என்று மூன்று முறையும் சொன்னார்கள். திரையில் அப்படித்தான் இருந்தது. இருபத்தொன்பது நிமிடம் கழித்து வேறு வண்டி போனபோது, கீழே இறங்கித் தயாராக இருக்கலாம் என்று வந்த தையல்காரர் இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தபடியே இறந்துபோயிருந்தார்.

விசாரணை வைத்தார்கள். இரண்டு உத்தரவும் வண்டிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அவளிடம் கேட்டார்கள். சேர்ந்தது. ‘நிரலில் பிழை இல்லை’ என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஏற்கெனவே ஓர் உத்தரவு வாங்கிய வண்டிக்கு இரண்டாவதை யார் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. முதல் உத்தரவைக் கவனிக்காமல் விட்டது ஓட்டுநரின் தவறு என்று முடிவானது. அவரை அவள் பார்த்ததுகூட இல்லை. நிலையத்தில் எல்லாரும் வண்டி எண்ணைச் சொல்லித்தான் ஓட்டுநர்களைக் கூப்பிடுவார்கள். அவள் பட்டியலில் அவர் ஒரு முப்பத்தொன்று.

மாத அறிக்கைக்காகப் பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் அந்த இரண்டு வரிகள் கண்ணில் பட்டன.

கணவர் ஈரப் போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். போர்வையிலிருந்து தண்ணீர் அவர் காலில் சொட்டியது.

“ஆபீஸ்ல வேற யாராச்சும் பார்த்தாங்களா?”

“நான் பார்த்துட்டேனே.”

“அதைக் கேக்கலை.”

“தெரியுதுங்க. யாரும் பார்க்கலை.”

அவர் போர்வையை இரண்டு பக்கமும் சமமாக இழுத்துவிட்டார். “திங்கக்கிழமை மேனேஜர்கிட்ட சொல்லிடு. சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லு. பசியில அந்த ஆளு வள்ளுன்னு விழுவான்.”

திங்கட்கிழமை காலையிலேயே அவள் நிரலைத் திருத்திவிட்டாள். பதினொரு வரி. குறியைப் பட்டியல்களிலிருந்து எடுத்து, வண்டியோடு சேர்த்து ஒரே இடத்தில் வைத்தாள். எட்டு நிரலும் அங்கே வந்துதான் எடுக்க வேண்டும். அரை நொடி முக்கால் நொடியானது. அவ்வளவுதான் வித்தியாசம். கால் நொடியை மிச்சம் பிடிக்கத்தான் அப்படி வைத்தோம் என்று தெரிந்தபோது, கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

சாப்பாட்டுக்கு அப்புறம்தான் மேலாளரிடம் போனாள்.

“சரி பண்ணிட்டீங்க இல்ல?” என்றார் அவர். “அப்புறம் என்ன?”

“அந்த டிரைவர் மேல தப்பு இல்ல சார். என் மேல.”

“கதவைச் சாத்துங்க மொதல்ல.” சாத்தினாள். “ரிப்போர்ட் மேல போயாச்சு மேடம். ‘நிரலில் பிழை இல்லை’ன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப நீங்களே இருக்குன்னா, எதை நம்பறதுன்னு கேப்பாங்க. அதுவும் போக, அந்த ஆளே ஒத்துக்கிட்டாரு.”

“எதை?”

“மொதல் அட்ரஸ் வந்ததைப் பார்த்தேன், கவனிக்காம விட்டுட்டேன்னு. கையெழுத்து இருக்கு. வேலைய விட்டு எடுக்கலியே, வண்டிதான் ஓட்டக் கூடாது. ஷெட்டுல வண்டி கழுவறாரு.”

“பார்த்திருக்க முடியாது சார். ஒரு நொடிகூட நின்னிருக்காது அது.”

“ஒத்துக்கிட்டவர்கிட்டப் போய் நீங்க ஒத்துக்காதீங்கன்னு நான் சொல்ல முடியுமா?” மேலாளர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். கெட்டவர் இல்லை. போன வருடம் அவள் கணவருக்குக் கண்புரை அறுவை செய்தபோது ஒரு வாரம் அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். “இங்க பாருங்க. அவரா அந்தக் கையெழுத்தை வாபஸ் வாங்கட்டும். உத்தரவைப் பார்க்கலைன்னு எழுதிக் குடுக்கட்டும். அதோட நீங்க எழுதறதையும் சேர்த்து வெச்சு நான் அனுப்பறேன். அது இல்லாம இதை மட்டும் அனுப்பினா, உங்களுக்கும் கெட்ட பேரு, அவருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல.”

அன்று சாயங்காலத்துக்குள் தன் பங்கை இரண்டு பக்கம் எழுதி முடித்தாள். ஓட்டுநர் கையெழுத்துப் போட வேண்டியதைத் தனித்தாளில் தட்டச்சு செய்தாள். நாலே வரி. ‘மேற்படி உத்தரவை நான் திரையில் பார்க்கவில்லை’ என்பது மூன்றாவது வரி.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கணவர் ஓட்டுநரின் வீட்டு வாசலில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். “நானும் வரவா?” என்றார். வேண்டாம் என்றாள். “சரி, கீழ இருக்கேன். மெதுவாப் பேசிட்டு வா.”

இரண்டாவது மாடியில் ஓர் அறை, அதை ஒட்டிச் சமையல் இடம். ஓட்டுநர் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று நின்று பாதங்கள் வெளுத்து, விரலிடுக்குகள் புண்ணாகி, களிம்பு தடவியிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து, இருந்த ஒரே நாற்காலியின் மேலிருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டார். அவர் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கழுவிய பீன்ஸ் தட்டிலிருந்து தண்ணீர் தரையில் ஓடியிருந்தது.

“மேலேயிருந்து வந்திருக்காங்கன்னா நல்லதுக்கா, கெட்டதுக்கா?” என்று மனைவி நேராகவே கேட்டார்.

“முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்கம்மா” என்று அவள் ஆரம்பித்தாள்.

வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்திருந்தாள். பட்டியல், குறி என்றெல்லாம் பேசவில்லை. “உங்க வண்டி பாலத்துல இருந்தப்ப, ரெண்டு ஏரியாவும் அது தன்னோட வண்டின்னு நினைச்சுக்குச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல உங்களக் கூப்பிட்டுடுச்சு. அப்படி நினைக்கற மாதிரி எழுதினது நான். உங்க மேல தப்பு இல்ல” என்றாள்.

மனைவியின் கையில் கத்தி நின்றுவிட்டது.

“அப்ப இவரு ஒண்ணுமே பண்ணலையா?”

“இல்லம்மா.”

“இவர வண்டிய விட்டு எறக்கிட்டாங்க. பக்கத்து வீட்டுல எங்க முகத்துலயே முழிக்கறதில்ல. உங்கள என்ன பண்ணாங்க?”

“இன்னும் ஒண்ணும் பண்ணலை.”

“நல்லா இருக்கே.”

“ஏய், சும்மா இரு” என்றார் ஓட்டுநர். பிறகு அவளைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, “ஆனா நான் பார்த்தேனே மேடம்” என்றார்.

“பார்த்திருக்க முடியாதுங்க.”

“விசாரணைல ஆறு தடவை கேட்டாங்க. மொதல்ல பார்க்கலைன்னுதான் சொன்னேன். நாலாவது தடவை கேக்கறப்ப அந்தத் தெரு பேரு எனக்கு அப்படியே ஞாபகம் வந்துடுச்சு. பார்க்காம எப்படி ஞாபகம் வரும்?”

“அவங்கதானேங்க தெரு பேரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டாங்க.”

“இல்ல மேடம். எழுத்து எப்படி இருந்துச்சுன்னுகூடத் தெரியுது. மழைத்தண்ணி கண்ணாடில ஓடுது, திரைல அந்த அட்ரஸ். அப்புறம் மாறிடுச்சு. மாறினப்ப போன் பண்ணி, என்னங்க ரெண்டு வருதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கலை. குழந்தைன்னு போட்டிருந்துச்சா, ஆக்சிலேட்டர மிதிச்சுட்டேன்.”

“கேக்கணும்னு விதியே கிடையாதுங்க.”

“விதி இல்லைதான்” என்றார்.

அவர் மனைவி கத்தியைக் கீழே வைத்தார். “இவரு அந்த வீட்டுக்குப் போறாரு, தெரியுமா உங்களுக்கு? தையல்காரர் வீட்டுக்கு. வாராவாரம் போறாரு. மொதல் ரெண்டு வாரம் அந்தம்மா கதவே தொறக்கலை. நீங்க எழுதினதுக்கு இவரு போய் வாசல்ல நின்னாரு.”

“இப்ப தொறக்கறாங்க” என்றார் ஓட்டுநர். “கால் வீக்கம் அவங்களுக்கு. மருந்து வாங்கிக் குடுக்கறேன். என்னாலதான்னு சொன்னேன், ஒண்ணும் சொல்லலை. போன வாரம், மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துட்டு வந்தியான்னு கேட்டாங்க.”

அவள் பையைத் திறந்து தாளை எடுத்தாள். அதைத் தரையில், அவருக்கு முன்னால் வைத்தாள். மேலாளர் சொன்னதைச் சொன்னாள். இதில் கையெழுத்துப் போட்டால்தான் தான் எழுதியதும் மேலே போகும், வண்டி திரும்பக் கிடைக்கும். போடாவிட்டால் இரண்டும் கோப்புக்குள்ளேயே கிடக்கும் என்றாள். அவர் தாளைக் கையில் எடுத்து உதடு அசைய நிதானமாகப் படித்தார். மூன்றாவது வரிக்கு வந்ததும் மறுபடி மேலேயிருந்து படித்தார்.

“பார்க்கலைன்னு போட்டிருக்கு.”

“ஆமாங்க.”

“இதுல போட்டுட்டு, அந்தம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது? என் தப்பு இல்லையாம், மெஷினாம்னா?”

“மெஷின் இல்லங்க. நான்” என்றாள் அவள். “நானே வர்றேன் உங்களோட. நானே சொல்றேன்.”

அவர் மனைவி எழுந்துபோய், அலமாரியிலிருந்து ஒரு பேனாவை எடுத்துவந்து, மூடியைக் கழற்றி நீட்டினார். “போடுங்க. தப்பு இல்லைன்னு வீடு தேடி வந்து சொல்றாங்க. வேற என்ன வேணும் உங்களுக்கு? வண்டி வேண்டாமா? அந்தம்மா குடை எடுத்துட்டு வந்தியான்னு கேட்டா போதுமா? போடறீங்களா, இல்லையா?”

ஓட்டுநர் தாளைப் பீன்ஸ் தண்ணீர் படாமல் கட்டிலின் மேல் வைத்தார். “அந்தம்மாவுக்கு மருந்து வாங்கிட்டுப் போகணும்” என்று சுவரைப் பிடித்து எழுந்தார். வாசலில் கிடந்த செருப்பைப் புண்ணான காலில் மாட்ட முடியாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு, படியிறங்கிப் போனார்.